குதிகாலைத் தூக்கச் சொன்ன அக்கா

தீபாவளிக்கு முந்தின வாரம். நெல்லை டவுண் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடை. உள்ளே கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலுக்கு நடுவில், கடைவாசல் படியின் விளிம்பில், கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அக்கா நின்றுகொண்டிருந்தார். முன்பாதம் மட்டும் படியில். குதிகால் இரண்டும் அந்தரத்தில்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி. குதிங்கால பைய எறக்கணும். பைய... இன்னும் பைய... கெண்டைக்கால் இழுக்குதா? இழுக்கணும். அதான் வேணும்."

எதிரே நின்று அதைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தவர் அந்தக் கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற மனிதர். அக்காவுக்கு முன்னால் சேலைகளை விரித்துக்கொண்டிருந்தவர், இன்னொரு கட்டு எடுக்கத் திரும்பியபோது லேசாக ஒரு காலை நொண்டினார். அவ்வளவுதான். அக்கா சேலையை மறந்துவிட்டார்.

"காலையில எந்திரிச்சு மொத அடி வைக்கும்போது ஆணி குத்துன மாதிரி இருக்கா அண்ணாச்சி?"

அவர் கையிலிருந்த சேலையோடு அப்படியே நின்றார். "ஆமாம்மா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வாங்க வாசலுக்கு."

கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்துவிட்டார். "எம்மா, யாவார நேரத்துல வாசல மறிச்சிக்கிட்டுப் பள்ளிக்கூடம் நடத்துதீங்க?"

அக்கா அவரைக் கீழிருந்து மேல் வரைக்கும் பார்த்தார். "ஒங்களுக்கும் இருக்குல்லா?"

முதலாளி கொஞ்சம் தயங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். "எடது கால்ல மட்டும் கொஞ்சம் இருக்கு" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் படியில் ஏறி நின்றார். சேலை எடுக்க வந்த பெண்களில் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் குதிகாலை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்தியா தம்பி?" என்று அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேமராவில் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு அக்கா சேலை வாங்காமலே திரும்பினார். அந்தப் படத்தை அப்படியே வெட்டி ஒட்டி இணையத்தில் போட்டோம். அவருடைய சேனலில் அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் அவருடைய சிகிச்சைக்கூடம் இருந்தது. கட்டில், சுவரில் ஒரு கப்பி, கலர் கலராக ரப்பர் பட்டைகள், முழங்காலிலிருந்து பாதம் வரைக்குமான பிளாஸ்டிக் எலும்பு ஒன்று. பெயரை நான் எழுதப் போவதில்லை. சேனலிலும் அவர் பெயர் கிடையாது. "கால் வலிக்கிறவனுக்கு எம் பேரு எதுக்கு? கால்னு போடு, தோள்பட்டைன்னு போடு. தேடுதவன் அதத்தான் தேடுவான்" என்பார். நான் இப்போது திருநெல்வேலியில் இல்லை. அக்காவும் வேறு மாநிலத்துக்குப் போய், ஒரு கல்லூரியில் பாடம் நடத்துவதாகக் கேள்வி. ஆனால் தெருவில் யாராவது நொண்டிக்கொண்டு போனால் இன்றைக்கும் என் கண் அவர்கள் காலுக்குத்தான் போகிறது. அது அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்ட வியாதி.

நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். வருஷக்கணக்காகக் கேமராவைத் தோளில் சுமந்து, ஒரு கட்டத்தில் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. சட்டை மாட்ட வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. யாரோ சொல்லி அக்காவிடம் போனேன். என் கையைத் தூக்கிப் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார், நான் கத்தியதைப் பொருட்படுத்தவே இல்லை.

"என்ன வேல பாக்க?"

"கல்யாண வீடியோ எடுக்கேன்க்கா."

பிடித்த கையை விட்டுவிட்டார். முகம் அப்படியே மலர்ந்துபோனது. "படம் எடுப்பியா? வெட்டி ஒட்டத் தெரியுமா? எழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியும். மொதல்ல கை..."

"கை சரியாப் போவும், அது கெடக்கு. கேமரா எங்க வச்சிருக்க?"

மறுநாளே கேமராவை ஒரு முக்காலியில் நிறுத்திவிட்டு நானே போய்க் கட்டிலில் படுத்தேன். முதல் வீடியோ என் தோள்தான். உறைந்துபோன தோள்பட்டையை எப்படி அசைத்து மீட்பது என்று அக்கா என் கையை வைத்துக்கொண்டு காட்டினார். மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது, படமும் நடந்தது. கை சரியான பிறகும் நான் அங்கே போவதை நிறுத்தவில்லை. முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் அந்த மாடியில்தான் இருப்பேன்.

அக்காவுக்கு ஒன்று தெரிந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. அந்த நிமிஷமே யாருக்காவது காட்டியாக வேண்டும். காட்டுவதற்கு யாருடைய உடம்பு கிடைத்தாலும் சரி, யாரும் கிடைக்காவிட்டால் அவருடைய உடம்பு. தபால்காரருக்கு இடுப்பு வலி என்றால் அவர் கண்முன்னே தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். பேச்சு வேகமாகும். சந்தோஷம் தலைக்கேறினால் என்னைக் கூப்பிடும் 'தம்பி', 'ஏலே' ஆகிவிடும். கேமராவில் நான் போட்டிருக்கும் கட்டத்துக்குள் அவர் ஒரு நாளும் நின்றதில்லை. முக்கியமான இடத்தைச் சொல்லும்போது கேமராவை நோக்கி ஓடி வந்துவிடுவார். திரை முழுக்க அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் தெரியும்.

ஒரு நாள் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பூக்கட்டுகிற அம்மாவிடம் நின்று மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா தண்ணீரில் ஊறப்போட்ட வாழைநாரை எடுத்துக் கிழித்தார். அக்கா அதையே பார்த்தார். பூ வேண்டாம், அந்த நாரைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு அங்கேயே ஓரமாக நின்றுவிட்டார்.

"ஏலே, கேமராவ எடு! தசைநார் தசைநார்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். நாருன்னா இதுதானல? இங்கன பாரு, இழுக்கேன். ரெண்டு இழை மட்டும் அந்துருக்கு. இது லேசான காயம். இன்னும் கொஞ்சம் இழுக்கேன். பாதி போச்சு. இது நடுத்தரம். இப்ப..." ஓர் இழுப்பில் நார் இரண்டாகப் போனது. "இது முழுசா அந்தது. மூணையும் சேத்து ஊரு பூரா ஒரே பேருதான் வச்சிருக்கு, சுளுக்குன்னு. மூணுக்கும் ஒரே வைத்தியமா செய்ய முடியும்?"

பூக்கார அம்மா மிச்ச நாரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "இதையும் பிச்சிப்புடாதம்மா" என்றார்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் பிசியோதெரபி படித்த பிள்ளைகள் அக்காவைத் தேட ஆரம்பித்தார்கள். சின்ன ஊர்களில், சின்ன ஆஸ்பத்திரிகளில் தனியாக வேலை பார்க்கிறவர்கள். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவர்களுக்கென்று அக்கா தனியாக வீடியோ போடத் தொடங்கினார். விரலை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, நோயாளி முகத்தை எப்போது பார்ப்பது. நோயாளிகளுக்கு ஒன்று, பிசியோக்களுக்கு ஒன்று என்று வாரம் இரண்டு வீடியோ. எனக்குக் கல்யாண வீடியோ முடிக்க நேரமில்லாமல் போனது.

அனுமதி கேட்காமல் யாரையும் எடுக்க விடமாட்டார், அதையும் சொல்ல வேண்டும். குறுக்குத்துறைப் படித்துறையில் ஈரப்பாசியைக் காட்டி, கணுக்கால் எப்படித் திரும்புகிறது என்று எடுத்துக்கொண்டிருந்தோம். குளித்துவிட்டு ஏறிய ஒருவர் நிஜமாகவே எங்கள் முன்னால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். நான் கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். அக்கா கையால் அதை மறைத்தார். அவரைத் தூக்கி உட்கார வைத்து, காலைத் தொட்டுப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க கால ஊருக்குக் காட்டட்டுமா?" அந்த மனிதர் வலியிலும் தலையைத் தடவிக்கொண்டு, "காலத்தானே? காட்டுங்க. கோமணத்த மட்டும் காட்டிராதீங்க" என்றார்.

அப்படி எல்லாம் உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் மிக்கேல் அண்ணனின் செய்தி வந்தது.

திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். மிக்கேல் அண்ணன் கடலுக்குப் போகிறவர். அக்காவின் எண்ணுக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சிகிச்சைக்கு வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அக்கா அதைச் சத்தமாக வைத்தார்.

"டாக்டர், வணக்கம். நீங்க படியில நின்னு குதிங்கால எறக்கச் சொன்ன வீடியோ பாத்தேன். தெனமும் செய்யுதேன், ஒரு நாளு விடல. வலி போயிட்டு, ஒங்களுக்குப் புண்ணியம். ஆனா கால்ல பெலம் இல்ல. வள்ளத்தத் தள்ளையில இந்தக் காலு ஊண மாட்டேங்கு. இன்னும் கூடுதலாச் செய்யணுமான்னு சொல்லணும்."

கூடவே ஒரு சின்ன வீடியோ. அவர் மணலில் நடந்துபோவதைப் பின்னாலிருந்து அவர் மனைவி எடுத்தது. இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். அக்கா சிரித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"மறுபடி போடு."

போட்டேன்.

"வலது கெண்டைய பாரு. மெலிஞ்சிருக்கு. குதிங்கால் தரைய விட்டுக் கெளம்பவே இல்ல பாத்தியா, மொத்தப் பாதத்தையும் தூக்கிப் போடுதாரு." உடனே அவருக்குப் போன் போட்டார். "அண்ணே, இந்த வலி எப்பிடி வந்துது? மொத நாளு என்ன நடந்துது?"

"வள்ளத்துல இருந்து குதிச்சேன் டாக்டர். பின்னால இருந்து யாரோ துடுப்பால அடிச்ச மாதிரி இருந்துது. டப்புன்னு சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தா ஒருத்தனும் இல்ல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணே, அந்தப் பயிற்சிய இப்பமே நிறுத்துங்க. இனிமே ஒரு தடவகூடச் செய்யக்கூடாது. நாளைக்கு நான் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையை அக்கா தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த ஞாயிறு தவறவிட்டார். கல்யாணச் சாமான் ஏற்றுகிற என் வேனில் புறப்பட்டோம். ஸ்ரீவைகுண்டம் தாண்டி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே, ஆற்றை ஒட்டியே பாதை போனது. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பச்சை வேட்டியோடு சாலையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் பத்தடிக்கு ஒரு தடவை வேனை நிறுத்தச் சொல்லி யாருடைய பாதத்தையாவது பார்த்திருப்பார். அன்றைக்கு ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

மிக்கேல் அண்ணன் வாசலுக்கே வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். வீடியோவில் பார்த்த டாக்டர் வீட்டுக்கு வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மனைவி ரெஜினா காப்பி கொண்டுவந்தார். அக்கா குடிக்கவில்லை.

"அண்ணே, கட்டில்ல குப்புறப் படுங்க. பாதம் ரெண்டும் வெளிய தொங்கட்டும்." பிறகு ரெஜினாவைக் கூப்பிட்டார். "நீங்க வாங்க தங்கச்சி. நீங்களே பாருங்க. இந்த நல்ல கால்ல, கெண்டைய இப்பிடி நடுவுல பிடிச்சு அமுக்குங்க."

ரெஜினா அமுக்கினார். பாதம் தானாகக் கீழே குத்திட்டு அசைந்தது. விட்டதும் பழையபடி வந்தது. ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி அமுக்கினார். மறுபடி அசைந்தது.

"இப்ப இந்தக் கால்."

ரெஜினா அமுக்கினார். பாதம் அசையவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். அது செத்த மீன் வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ரெஜினா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஏன் அசையல?"

"கெண்டைச் சதையையும் குதிங்காலையும் சேத்துப் பிடிச்சிருக்க ஒரு தடிச்ச நாணு உண்டும். அது அந்துருக்கு. வள்ளத்துல இருந்து குதிச்ச அன்னைக்கே அந்துட்டு. அந்தது சேரணும்னா இழுக்காம வச்சிருக்கணும். நான் சொன்ன பயிற்சி இழுக்குத பயிற்சி."

வெளியே வலை காயப்போட்டிருந்த இடத்தில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

"அப்ப ஒங்க படத்தப் பாத்துதான் இவரு கால் இப்பிடி ஆச்சா?" ரெஜினாவின் குரல் உயர்ந்தது. "தெனம் வெள்ளன எந்திரிச்சு, மாதா படத்துக்கு முன்னால நின்னு செபம் சொல்லுத மாதிரி இதச் செஞ்சாரே! நாளு தப்பாமச் செஞ்சாரே!"

"ஏ புள்ள, சும்மா இரி. வீட்டுக்கு வந்தவங்கட்ட..." என்று மிக்கேல் அண்ணன் எழுந்தார்.

"அவங்க பேசட்டும் அண்ணே" என்றார் அக்கா. "ஆமா தங்கச்சி. யாரு செய்யலாம்னு சொன்னேன். யாரு செய்யக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லல."

ரெஜினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். நான் பழக்கத்தில் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தேன். அதை மெதுவாக என் முதுகுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

மறுநாளே மிக்கேல் அண்ணனைத் திருநெல்வேலிக்கு வரவழைத்து, எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அக்காவே கூட்டிக்கொண்டு போனார். மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிழிஞ்சது குதிச்சதுல. விலகிப் போனது இழுத்ததுல. ஆபரேஷன் பண்ணிரலாம். பழையபடி கடலுக்குப் போறது, அதுக்கப்புறம் நீங்க கொடுக்கிற பயிற்சியிலதான் இருக்கு."

அந்தக் குதிகால் வீடியோவை அக்கா ஞாயிற்றுக்கிழமை வேனில் திரும்பும்போதே சேனலிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார். "எத்தன பேருக்கு நல்லாயிருக்குக்கா, அவங்கள நெனச்சுப் பாருங்க" என்றேன். "இருக்கட்டும். சரியா எடுத்து மறுபடி போடுவோம்" என்றார். பிறகு பல நாள் வீடியோ எதுவும் எடுக்கவில்லை. நான் போவேன், ஒரு மூலையில் உட்காருவேன், அக்கா நோயாளிகளைப் பார்ப்பார், தேவைக்கு மட்டும் பேசுவார். அந்த அக்காவை எனக்குப் பழக்கமில்லை.

அதைக் கலைத்தவர் மிக்கேல் அண்ணன்தான். ஆபரேஷன் முடிந்து, பாதத்தைக் கீழே குத்திட்டு வைத்துப் போட்ட மாவுக்கட்டோடு, மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஏறி வந்தார். ரெஜினா பின்னால் ஊன்றுகட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டாக்டர், எங்க ஊர்ல வள்ளத்துல இருந்து குதிக்காத ஆளு கெடையாது. எங் கால எடுத்துப் போடுங்க. பாத்துத் தெரிஞ்சிக்கிடட்டும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொகம் தெரியாம எடுக்கேன் அண்ணே. ஒங்களுக்குச் சங்கடம் வேண்டாம்."

ரெஜினா ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்தார். "மொகத்த எதுக்கு மறைக்கணும்? அவரு என்ன திருடிட்டா வந்துருக்காரு? மொகத்தோட எடுங்க. அந்த அமுக்குத வேலைய நான் காட்டுதேன்."

அக்காவின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்ததை அன்றைக்கு நான் பார்த்தேன். "ஏலே, வெளக்க போடு!" என்றார்.

அந்த வீடியோவில் அக்கா கேமராவை நோக்கி ஓடி வரவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். இவர் என் வீடியோவைப் பார்த்துச் செய்தார், செய்யக்கூடாததைச் செய்தார், அது அவருக்குத் தெரியாததற்கு நான்தான் காரணம். குதிகால் வலி என்று என்னைத் தேடி வருகிறவர்கள் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். பிறகு ரெஜினா மிக்கேல் அண்ணனின் நல்ல காலை அமுக்கிக் காட்டினார், பாதம் அசைந்தது. அடுத்து ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவர், மிக்கேல் அண்ணனின் சம்மதத்தோடு எடுத்து வைத்திருந்த வீடியோ, அதே சோதனை, பாதம் அசையவில்லை. அவ்வளவுதான் வீடியோ.

வெளியான அன்றைக்கே அக்காவைவிட மூத்த பிசியோ ஒருவர் போன் செய்தார். ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"என்னம்மா இது? நம்ம தொழிலுக்கே கெட்ட பேரு. ஒன்னைய யாராச்சும் கேட்டாங்களா? நீயா எதுக்குப் போயி சொல்லுத?"

"சார், முழுசாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அமுக்குத எடம் தெளிவாத் தெரியுதா சார்? இன்னும் கொஞ்சம் மேல பிடிச்சிருக்கணுமோன்னு எனக்கு ஒரு சந்தேகம். கேமரா கோணம் சரியில்லையோன்னு இருக்கு."

அந்தப் பக்கம் வீடியோ மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கொஞ்சம் மேலதான் பிடிக்கணும்" என்று குரல் வந்தது. அக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "பாத்தியா, நான் சொன்னேம்லா!"

பிசியோ பிள்ளைகளிடமிருந்து செய்திகள் வந்து குவிந்தன. நாங்களும் ஒருத்தரை இப்படித் தவறவிட்டிருக்கிறோம் என்று எழுதினார்கள். பலர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா சும்மா இருப்பாரா? ஞாயிறு மத்தியானம் நேரலையில் ஒரு வகுப்பு தொடங்கிவிட்டார். அதற்குப் பெயரே 'நான் கோட்டை விட்டது'. ஒவ்வொருவரும் தான் தவறவிட்ட ஒரு காயத்தைச் சொல்ல வேண்டும், நோயாளியின் பெயரும் ஊரும் சொல்லக்கூடாது. எந்த அறிகுறியை எந்த இடத்தில் பார்த்திருக்கலாம் என்று எல்லாரும் சேர்ந்து பேசுவார்கள். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து அதைக் கேட்கிற பிள்ளைகள் உண்டு. சொல்லி முடித்து அழுத பிள்ளைகளும் உண்டு. அழுகிறவரைப் பேசித் தேற்ற அக்காவுக்குத் தெரியாது. "சரி, இப்ப அந்த மூட்டக் காட்டு, எங்கன தொட்ட?" என்பார். அழுகை தானாக நின்றுவிடும்.

மிக்கேல் அண்ணன் வாரம் தவறாமல் வந்தார். மாவுக்கட்டு போய், உயரமான குதி வைத்த ஒரு காலணி வந்தது. ரெஜினா அதைச் சப்பாத்து என்பார். குதியின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார் அக்கா. ஒவ்வொன்றையும் படம் எடுத்தோம். எந்த வாரத்தில் எவ்வளவு அசைக்கலாம், எதில் அவசரப்படக்கூடாது என்று பிசியோக்கள் அவர் காலைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கடற்கரை ஊர்களில் அவரைப் பார்க்கிறவர்கள், "அண்ணே, கால் எப்பிடி இருக்கு, இந்த வாரம் படம் வரலையே?" என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போதுதான் ஒரு மத்தியானம் ரெஜினாவின் போன் வந்தது. கடல் காற்று, ஆட்களின் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல்.

"டாக்டர்! இங்கன ஒரு பையன்... கல்யாணமான பையன்தான்... கடக்கரையில பந்து விளையாடுனான். பின்னால யாரோ மிதிச்சிட்டான்னு சண்டைக்குப் போனான். பின்னால ஆளே இல்ல டாக்டர்! எல்லாரும் உளுக்கு, எண்ணெய் போட்டு நீவணும்ங்கான். நான் தள்ளுங்கலேன்னுட்டு குப்புறப் போட்டு அமுக்கிட்டேன்!"

"அமுக்கி?"

"அசையல டாக்டர்! மாதா மேல சத்தியமா அசையல! அந்தக் காலு அசையுது, இந்தக் காலு அசையல!"

அக்கா நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தார். "நீவ விடாதீங்க! பாதத்தக் கீழ குத்திட்டு வச்சு, ஒரு அட்டைய வச்சுக் கட்டுங்க. நடக்க விடாதீங்க. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, நான் டாக்டர்ட்ட சொல்லி வைக்கேன்!"

சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார்கள். நாலு பேர் அந்தப் பையனைத் தூக்கி வர, ரெஜினா முன்னால் வழி விலக்கிக்கொண்டு வந்தார். மருத்துவர் பார்த்துவிட்டு, "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். பையன் ரெஜினாவைக் காட்டினான். "சரியான நேரத்துல வந்துட்டான்" என்றார் மருத்துவர். ரெஜினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அக்காவால் அப்படி நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரி நடையில் ரெஜினாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ரெஜினா முதலில் விறைப்பாக நின்றார். பிறகு அவரும் அக்காவின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

அதற்கும் பிறகு சில மாதங்கள் கழித்துத்தான் மிக்கேல் அண்ணன் ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கினார். கேட்க அது ஒன்றுமில்லாத காரியமாகத் தோன்றும். அறுந்து தைத்த நாணுக்கு அதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. உடம்பின் மொத்தப் பாரத்தையும் அந்த ஒரே காலில் வாங்கி, குதிகாலை மேலே கொண்டுபோக வேண்டும். சிகிச்சைக்கூடத்தில் வைத்துப் பல தடவை முயன்று பார்த்தார், பாதி தூரத்தில் நடுங்கி இறங்கிவிடும். "எங்க மணல்ல வச்சுப் பாக்கட்டுமா டாக்டர்?" என்று அவரே கேட்டார். ஒரு விடிகாலையில் நானும் அக்காவும் அந்த ஊருக்குப் போனோம்.

கடற்கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கிடந்தன. அலை ஓடி வந்து நனைத்துக் கெட்டிப்பட்ட மணலில் மிக்கேல் அண்ணன் நின்றார். ஒரு கையை ரெஜினாவின் தோளில் லேசாக வைத்துக்கொண்டு, நல்ல காலை மடித்தார். பக்கத்து வள்ளக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பைய அண்ணே. அவசரமில்ல. இப்பத் தூக்குங்க."

குதிகால் எழும்பியது. நடுங்கியது. பாதியில் நின்றது. ரெஜினா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னும் மேலே போனது. கெண்டைச் சதை ஒரு முறை உருண்டு திரண்டது. தோளில் வைத்திருந்த கையையும் எடுத்துவிட்டார். தனியாக, முன்பாதத்தில், கடலைப் பார்த்து நின்றார்.

அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வள்ளத்திலிருந்து ஒரு கொக்கு எழும்பிப் பறந்தது. வள்ளக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

"இன்னொரு தடவ அண்ணே, பக்கவாட்டுல இருந்து..." என்று அக்கா ஆரம்பித்தார்.

மிக்கேல் அண்ணன் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "வள்ளம் கெடக்கு டாக்டர். ஆளு காத்துக்கிட்டிருக்கு." சொல்லிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து வள்ளத்தில் தோளைக் கொடுத்தார். வலது காலை மணலில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, உந்தினார். வள்ளம் அசைந்து, சறுக்கி, தண்ணீருக்குள் இறங்கியது. அவர் ஏறிக்கொண்டார்.

நாங்கள் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் கீழே பார்த்தார். ஈர மணலில் மிக்கேல் அண்ணனின் வலது பாதம் உந்திய இடத்தில் குதிகாலே பதியவில்லை. விரல்களும் முன்பாதமும் மட்டும் ஆழமாகக் குழிந்திருந்தன.

"ஏலே, இத எடு, இத எடு! அலை வருது!"

நான் மண்டியிட்டேன். நுரை என் முழங்காலைத் தொடுவதற்குள் எடுத்துவிட்டேன்.